மெஸ் நோட்டும் மியூவான்களும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் இயற்பியல் துறை அரங்கில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டபோது, "கடவுள் துகள் பற்றிப் பேசுங்கள், கூட்டம் வரும்" என்றார். ஹிக்ஸ் துகள் கண்டுபிடிப்பை 2012 ஜூலை 4-ஆம் தேதி ஜெனீவாவில் அறிவித்தார்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசாதவர்களே கிடையாது. செர்ன் வளாகத்தில் இந்திய அரசு கொடுத்த நடராஜர் சிலை ஒன்று 2004-லிருந்து நிற்கிறது. அதைப் பற்றியும் பேசியாகிவிட்டது. நான் இன்று பேசப்போவது ரொம்பச் சின்ன விஷயம். மேடைக்கு ஏற்ற விஷயமா என்றுகூடச் சந்தேகம். ஒரு வரிசையில் இரண்டு எண், அடுத்த வரிசையில் ஒன்றுமே இல்லை, அதற்கடுத்ததில் ஏழு எண். இப்படி நீளம் மாறிக்கொண்டே இருக்கும் பட்டியல்களைக் கம்ப்யூட்டர் கோப்பில் எப்படி எழுதி வைப்பது? அவ்வளவுதான் விஷயம். என் ஆராய்ச்சி வாழ்க்கையில் ஏறக்குறைய ஒரு வருஷத்தைத் தின்ற விஷயம் இது என்பதால், இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் விடுதிக்குப் போவோம். எங்கள் காலத்தில் மெஸ்ஸில் சாப்பாடு தவிர மற்றதெல்லாம் "எக்ஸ்ட்ரா". ஆம்லெட், அப்பளம், ஞாயிற்றுக்கிழமை கோழி. அதற்கு ஒரு நீள நோட்டு இருந்தது. ஓர் ஆளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு இருபத்தைந்து வரி. மூன்றாம் ஆண்டில் நான் மெஸ் செயலாளர். மாதக் கடைசியில் அந்த நோட்டைக் கூட்டிப் பார்ப்பது என் வேலை. பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கும். இரண்டு அப்பளம், ஒரு ஆம்லெட், அதோடு சரி. ஆனால் ஹாக்கி விளையாடும் நண்பர் ஒருவர் இருந்தார். அவருக்கு இருபத்தைந்து வரி எப்படிப் போதும்? இருபதாம் தேதியே பக்கம் நிறைந்துவிடும்.

ஒரு மாதம் மெஸ் சூப்பர்வைசர் என்ன செய்தார் தெரியுமா? பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பி, அடுத்த பக்கத்தின் மேல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்துவிட்டார். அடுத்த பக்கம் யாருடையது? சுத்த சைவம், வெங்காயம்கூடப் பார்த்துத்தான் சாப்பிடுவார். அவருக்கு ஆறு ஆம்லெட்டுக்குப் பில் போயிற்று. அவர் பில்லோடு என் அறைக்கு வந்து நின்ற கோலத்தை இன்றைக்கும் மறக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், விடுதியின் மொத்தக் கணக்கு பைசா சுத்தமாக டாலி ஆகியிருந்தது. மொத்தம் சரி, ஆள்தான் தப்பு. சம்பந்தப்பட்ட இருவரும் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன்.

இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவோம்.

நாம் லேப் ரெக்கார்ட் எழுதிப் பழகியவர்கள். ஸ்க்ரூகேஜ் என்றால் ஐந்து அளவீடு, ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றால் இத்தனை கோடு என்று அட்டவணை முன்கூட்டியே போட்டாயிற்று. கட்டம் கட்டமாக, செவ்வகமாக. அதனால் தரவு என்றாலே செவ்வகம்தான் என்று நமக்கு ஒரு நினைப்பு. துகள் மோதலில் இயற்கை அப்படி நடந்துகொள்வதில்லை. எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி இசட் துகள் பிறந்து, அது குவார்க்குகளாகச் சிதைந்தால், மின்னூட்டமுள்ள துகள்கள் சராசரியாகச் சுமார் 21 வெளிவரும். அது சராசரிதான். ஒரு மோதலில் பன்னிரண்டு வரும், இன்னொன்றில் முப்பத்தெட்டு வரும். மின்னூட்டமில்லாதவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒவ்வொரு துகளுக்கும் உந்தத்தின் மூன்று கூறுகள், ஆற்றல், மின்னூட்டம் எல்லாம் எழுதியாக வேண்டும். இங்கே ஓர் "ஈவென்ட்" என்பது ஒரு வரிசை அல்ல, ஒரு சின்னப் புத்தகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்க எண்ணிக்கை வேறு.

இதைச் செவ்வகத்துக்குள் திணிக்க ஆதிகாலத்திலிருந்து குறுக்குவழிகள் உண்டு. அதிகபட்சம் நூறு இடம் ஒதுக்கி, மீதியில் பூஜ்யம் அல்லது -999 போட்டு நிரப்புவது ஒன்று. (அந்த -999-ஐ நீக்க மறந்து சராசரி எடுத்து, துகள்களுக்கு எதிர்மறை ஆற்றல் கண்டுபிடித்தவர்கள் உலகத்தில் பலர்.) முதல் பத்துத் துகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுவது இன்னொன்று. ஒரு துகளுக்கு ஒரு வரிசை என்று எழுதினால் செவ்வகம் கிடைக்கும். ஆனால் எந்தத் துகள் எந்த மோதலில் பிறந்தது என்ற உறவு கலைந்துபோகும். ஒவ்வொரு வரிசையிலும் மோதல் எண்ணைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். துகளே வராத மோதல் பட்டியலிலிருந்து காணாமலே போய்விடும். எத்தனை மோதலில் ஒன்றும் வரவில்லை என்பதும் இயற்பியலுக்குத் தேவையான எண்தான்.

நான் ஆராய்ச்சிக்குப் போன தொண்ணூறுகளில் எங்கள் மொழி ஃபார்ட்ரான் 77. அதில் எந்த அணியானாலும் அதன் அளவை நிரல் எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். ஓடும்போது "இன்னும் பத்து இடம் கொடு" என்று கேட்க வழி கிடையாது. அந்தக் குறையைச் சமாளிக்க செர்னில் ஜீப்ரா என்ற நிரல்தொகுப்பு வைத்திருந்தார்கள். அதற்கு முன் இருந்த ஸெட்புக், ஹைட்ரா இரண்டையும் இணைத்து எழுதியதால் அந்தப் பெயர். வரிக்குதிரைக்கும் அதற்கும் வேறு சம்பந்தமில்லை. ஒரு பெரிய அணியை முதலிலேயே பிடித்துவைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே வேண்டிய நீளத்துக்கு "பேங்க்" வெட்டிக்கொடுப்பது அதன் வேலை. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் புதிதாக வந்தவனுக்கு அதைக் கற்றுக்கொள்வதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

பகுப்பாய்வுக்கு இருந்தது எச்புக், அதன் மேல் பா என்ற மென்பொருள். அதில் "என்ட்யூபிள்" என்றொரு அட்டவணை. முதலில் வந்த வகையில் எல்லாமே ஒரே நீள வரிசை, எல்லாமே தசம எண். அதாவது நம் லேப் ரெக்கார்டேதான். பிறகு வந்த நெடுவரிசை வகை பெரிய முன்னேற்றம். "துகள் எண்ணிக்கை, பூஜ்யத்திலிருந்து இருநூறு வரை" என்று ஒரு மாறியை அறிவித்து, "உந்தம், அந்த எண்ணிக்கை அளவுக்கு" என்று இன்னொன்றை அறிவிக்கலாம். ஒரு மோதலில் பதினேழு துகள் என்றால் கோப்பில் பதினேழு எண் மட்டும் எழுதப்படும். அதோடு ஒவ்வொரு மாறியும் கோப்பில் தனித்தனியாக அடுக்கப்படுவதால், ஆற்றல் மட்டும் வேண்டுமானால் ஆற்றலை மட்டும் படிக்கலாம். அத்தனை பக்கத்தையும் புரட்ட வேண்டியதில்லை. அடிப்படை எண்ணம் இன்றுவரை அதுவேதான் என்று சொல்வேன்.

இப்போது என் கதை. எந்தப் பரிசோதனை, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதல் தரவு. லெப் இயந்திரத்தில் 1989 முதல் 1995 வரை நான்கு பரிசோதனைகளும் ஆளுக்குச் சுமார் 40 லட்சம் இசட் சிதைவுகளைச் சேர்த்திருந்த காலம். என் வேலை, உந்தம் கணக்கில் உதைக்கும் மோதல்களைத் தேடுவது. எல்லாத் துகள்களின் உந்தத்தையும் கூட்டினால் ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். வரவில்லையென்றால், கண்ணுக்குப் படாத ஏதோ ஒன்று அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அது நியூட்ரினோவாக இருக்கலாம். புதிய துகளாக இருந்தால் அதிர்ஷ்டம்.

எனக்குப் பதினோரு மோதல்கள் கிடைத்தன. எதிர்பார்த்தது ஒன்றோ இரண்டோ. பதினொன்றிலும் பெரிய உந்தம் காணவில்லை. அதைவிட ஆச்சரியம், காணாமல் போன உந்தம் பதினொன்றிலும் கற்றைக் குழாயின் ஒரே பக்கத்தைக் காட்டியது. கருவிக்கு இடது, வலது என்று பேதம் கிடையாது. இயற்கைக்கு உண்டோ என்று எனக்கு இரண்டு வாரம் தூக்கம் வரவில்லை. வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் நிதானமான மனிதர், அவருக்கே குரல் கொஞ்சம் மாறியது. உள் குறிப்பு எழுதத் தொடங்கினோம். கருத்தரங்கத்துக்கு நாள் குறித்தாயிற்று. ஊருக்கு அப்பாவுக்குக் கடிதம்கூடப் போட்டேன். அந்தக் கடிதத்தை அவர் கடைசிவரை பீரோவில் வைத்திருந்தார். எனக்கு அது இன்றைக்கும் உறுத்தல்தான்.

எங்கள் குழுவில் ஓர் இத்தாலியப் பெண் இருந்தார், எனக்கு ஒரு வருஷம் ஜூனியர். குறிப்பைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அந்தப் பதினொன்றில் ஒவ்வொன்றிலும் எத்தனை துகள்?" நான் பார்த்ததே இல்லை. பார்த்தேன். 103. 101. 107. 102. பதினொன்றுமே நூறுக்கு மேல். நூறுக்கு மேல் துகள் வந்த மோதல் மொத்தத் தரவிலும் பதினான்குதான்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். மாணவர்கள் கவனமாகக் கேளுங்கள், ரொம்ப அழகான தப்பு. கோப்பை எழுதியவர்கள் இருநூறு வரை அனுமதித்து ஒழுங்காக எழுதியிருந்தார்கள். கோப்பில் ஒரு பிழையும் இல்லை. படிக்கும் என் நிரலில், சீனியர் ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய அறிவிப்பு வரி அப்படியே கிடந்தது. எக்ஸ் உந்தத்துக்கு நூறு இடம், அதை ஒட்டி ஒய் உந்தத்துக்கு நூறு, அதை ஒட்டி ஸெட்டுக்கு நூறு, பிறகு ஆற்றலுக்கு நூறு. ஃபார்ட்ரானில் இந்த நான்கையும் ஒரே காமன் பிளாக்கில் போட்டால் நினைவகத்தில் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து உட்காரும். 101-ஆவது துகளின் எக்ஸ் உந்தம் எங்கே போய் விழும்? ஒய் அணியின் முதல் இடத்தில். மெஸ் சூப்பர்வைசர் தாளைத் திருப்பிவிட்டார்!

அடுத்து ஒய் அணியைப் படிக்கும்போது அந்த முதல் இடத்தில் சரியான மதிப்பு வந்து உட்கார்ந்துவிடும். அதனால் முதல் நூறு துகள்களும் துல்லியமாகச் சரி. ஆனால் கூட்டும்போது 101-ஆவது துகளின் எக்ஸ் உந்தம் என்று நிரல் எடுத்துக்கொண்டது உண்மையில் முதல் துகளின் ஒய் உந்தம். அதன் ஒய் உந்தம் என்று எடுத்தது முதல் துகளின் ஸெட் உந்தம். ஸெட் உந்தம் என்று எடுத்ததோ முதல் துகளின் ஆற்றல். துகள்கள் ஆற்றல் வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன, ஆகவே முதல் துகள்தான் மோதலிலேயே பெரிய துகள். ஆற்றல் எப்போதும் நேர்மறை எண். அதனால் இல்லாத ஒரு பெரிய உந்தம் எப்போதும் ஸெட் திசையில் நேர்மறையாகச் சேர்ந்தது. "காணாமல் போனது" எப்போதும் எதிர்ப் பக்கம் காட்டியது. இயற்கை ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டதன் ரகசியம் அவ்வளவுதான்.

நிரல் நின்றுபோகவில்லை, ஒரு எச்சரிக்கை வரவில்லை. 40 லட்சத்தில் பதினான்கைத் தவிர மற்ற எல்லா மோதலிலும் அது சரியாகத்தான் வேலை செய்தது. அதே வரியை வைத்துக்கொண்டு அந்தச் சீனியர் பட்டமே வாங்கியிருந்தார். அவருடைய ஆய்வில் துகள் குறைவான மோதல்கள் மட்டும் என்பதால் அவருக்கு ஒரு பாதிப்பும் இல்லை. எனக்குக் கருத்தரங்கம் ரத்து. முந்தைய ஏழு மாத வேலையை முழுவதும் திரும்ப ஓட்ட வேண்டியதாயிற்று. திருத்திய பிறகு எத்தனை மோதல் மிஞ்சியது என்று கேட்கிறீர்களா? ஒன்று. எதிர்பார்த்த அளவு. ஆய்வேட்டில் அது ஒரு மேல்வரம்பாக, அரைப் பக்கத்தில் முடிந்தது.

சரி, அதற்குப் பிறகு உலகம் என்ன செய்தது என்று பார்ப்போம். 1995-இல் ரெனே ப்ரூன், ஃபான்ஸ் ராடமேக்கர்ஸ் இருவரும் செர்னில் ரூட் என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். எச்புக், பா எல்லாம் ப்ரூன் கைபட்டவைதான். இந்த முறை சி பிளஸ் பிளஸ் மொழி. தரவை வைக்கும் அமைப்புக்கு "ட்ரீ" என்று பெயர். மரத்துக்குக் கிளை உண்டு, இலை உண்டு, காய் பறித்துப் போடக் கூடையும் உண்டு. கூடை என்பது விளையாட்டுப் பெயர் அல்ல. ஒரு கிளையின் எண்கள் ஒரு கூடை நிறையும் வரை நினைவகத்தில் சேரும், சாதாரணமாகச் சுமார் 32,000 பைட். நிறைந்ததும் சுருக்கிக் கோப்பில் எழுதப்படும். நீளம் மாறும் கிளை என்றால், ஒவ்வொரு மோதலும் கூடைக்குள் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற அட்டவணையும் கூடையோடு சேர்ந்து போகும். பழைய எண்ணிக்கை மாறியும் இருந்தது. அதோடு சி பிளஸ் பிளஸ் தரும் வெக்டர் என்ற, தானாக நீளும் அணியையும் கிளையாக வைக்க முடிந்தது. இடம் ஒதுக்கும் பொறுப்பு மனிதனிடமிருந்து போனது என்பதற்காகவே நான் அந்த வெக்டரைக் கும்பிடுவேன். பழைய பாணியில் நிலையான அணியைக் கொடுத்துப் படித்தால் என் தப்பை ரூட்டிலும் தாராளமாகச் செய்யலாம். செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதில் நுட்பமான கேள்வி ஒன்று உண்டு. எண்ணிக்கையை எழுதுவதா, இடத்தை எழுதுவதா? மூன்று மோதல்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் இரண்டு மியூவான், இரண்டாவதில் ஒன்றும் இல்லை, மூன்றாவதில் மூன்று. மியூவான்களின் உந்தங்களை இடைவெளியில்லாமல் ஒரே வரிசையில் எழுதிவிடலாம், மொத்தம் ஐந்து எண். பிரிப்பதற்கு இரண்டு வழி. "2, 0, 3" என்று எண்ணிக்கை எழுதுவது முதல் வழி. "0, 2, 2, 5" என்று எல்லைகளை எழுதுவது இரண்டாவது. முதல் மோதல் 0-இல் தொடங்கி 2-க்கு முன் முடிகிறது, அடுத்தது 2-இல் தொடங்கி 2-இலேயே முடிகிறது, அதாவது ஆள் இல்லை. கடைசியது 2 முதல் 5 வரை.

எண்ணிக்கை எழுதினால் சின்னச் சின்ன எண்கள், நன்றாகச் சுருங்கும். ஆனால் பத்து லட்சமாவது மோதல் எங்கே இருக்கிறது என்று அறிய, அதற்கு முன்னால் உள்ள அத்தனை எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும். எல்லையை எழுதினால் நேரே தாவிப் போகலாம். வேலையைப் பத்துக் கம்ப்யூட்டருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் எல்லை எண்கள் வளர்ந்துகொண்டே போகும், சுருங்காது. ஒரு நாள் 32 பிட்டுக்குள் அடங்காமலும் போகும். ரூட் குழு ட்ரீக்கு அடுத்த தலைமுறையாகக் கொண்டுவந்திருக்கும் ஆர்என்ட்யூபிள் என்ற வடிவத்தில் இரண்டு நன்மையையும் வாங்கியிருக்கிறார்கள். எல்லைகளைத் தனி நெடுவரிசையாக வைக்கிறார்கள். வட்டில் எழுதும்போது மட்டும் அடுத்தடுத்த எல்லைகளின் வித்தியாசத்தை எடுத்துச் சுருக்குகிறார்கள். வித்தியாசம் என்பது எண்ணிக்கைதானே! படிக்கும்போது திரும்ப எல்லையாகிவிடும். பார்த்தால் பள்ளிக்கூடக் கணக்குப் போல இருக்கிறது. எக்ஸாபைட் கணக்கில் தரவு வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய காசு. செர்னின் வட்டுச் சேமிப்புத் திறன் 2023-இல் ஓர் எக்ஸாபைட்டைத் தாண்டியது. அது நூறு கோடி ஜிகாபைட்.

பட்டியலுக்குள் பட்டியல் வரும்போதுதான் பழைய ட்ரீ திணறும். ஒரு மோதலில் பல ஜெட்டுகள், ஒவ்வொரு ஜெட்டுக்குள்ளும் பல துகள்கள். வெக்டருக்குள் வெக்டர் என்று வைத்தால் அதை நெடுவரிசையாகப் பிரிக்க ட்ரீக்குத் தெரியாது. ஒவ்வொரு மோதலாகப் பொட்டலம் கட்டிப் போடும், படிக்கும்போது ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். எல்லை முறையில் இது ஒரு பிரச்சினையே இல்லை. மோதலிலிருந்து ஜெட்டுக்கு ஓர் எல்லைப் பட்டியல், ஜெட்டிலிருந்து துகளுக்கு இன்னொன்று, அடியில் எண்கள் ஒரே நீள வரிசை. எத்தனை அடுக்கு போனாலும் இதே சங்கதிதான்.

இன்னொரு காரணத்துக்காகவும் ஆர்என்ட்யூபிளை நான் வரவேற்கிறேன். ட்ரீயின் வடிவம் என்ன என்று கேட்டால் பெருமளவு அந்த நிரலே பதில். இதற்கு மட்டும் ஒவ்வொரு பைட்டும் என்ன என்று தனி ஆவணமாக எழுதி, 2024 நவம்பரில் ரூட் 6.34 பதிப்போடு முதல் உறுதியான வடிவத்தை வெளியிட்டார்கள். ஜெர்மனியில் பெட்ரா இயந்திரத்தில் ஜேட் என்ற பரிசோதனை 1986-இல் முடிந்தது. வலுவிசை ஆற்றலோடு எப்படி மாறுகிறது என்று அறிய, பல ஆண்டு கழித்து அந்தப் பழைய தரவு மறுபடி தேவைப்பட்டது. அந்த ஆற்றலில் அப்படி ஓர் இயந்திரம் வேறு இல்லை. தரவையும் பழைய நிரலையும் சிலர் பிடிவாதமாகக் காப்பாற்றி வைத்திருந்ததால் பிழைத்தது. இன்றைய கோப்பை 2060-இல் ஒருவர் படிக்க வேண்டியிருக்கும், அப்போது நம் நிரல் ஓடுமா என்று யாருக்குத் தெரியும்? எழுதப்பட்ட ஆவணம் இருந்தால் அவர் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளலாம்.

மாணவர்கள் கொட்டாவி விடுவது தெரிகிறது. உங்களுக்கு உபயோகமானதைச் சொல்லி முடிக்கிறேன்.

சிஎம்எஸ் பரிசோதனை தன் தரவை 2014 முதல் செர்ன் திறந்த தரவு வாசலில் பொதுமக்களுக்கு வெளியிட்டு வருகிறது. அதில் 2012-ஆம் ஆண்டு இரட்டை மியூவான் தரவுக் கோப்பு ஒன்று பயிற்சிக்கென்றே சிறியதாக்கி வைக்கப்பட்டிருக்கிறது. 6 கோடியே 15 லட்சம் மோதல்கள், 2.1 ஜிகாபைட். ஆறே கிளைகள்: மியூவான் எண்ணிக்கை, குறுக்கு உந்தம், இரண்டு கோணங்கள், நிறை, மின்னூட்டம். எண்ணிக்கை மோதலுக்கு ஒன்று, மற்ற ஐந்தும் நீளம் மாறுபவை. ஐந்தும் ஒரே எண்ணிக்கையைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதைக் கவனியுங்கள். தனித்தனி எண்ணிக்கை வைத்தால் இடமும் வீண், ஒன்றுக்கொன்று முரண்படவும் வாய்ப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மோதலுக்கு இருபது மியூவானுக்கு நிலையான இடம் ஒதுக்கினால், ஐந்து மாறிக்கு நான்கு பைட் வீதம் 400 பைட், எண்ணிக்கைக்கு 4. மொத்தக் கோப்பு சுமார் 25 ஜிகாபைட். மோதலுக்குச் சராசரி இரண்டு மியூவான் என்று வைத்து உள்ளதை மட்டும் எழுதினால் 44 பைட், சுமார் 2.7 ஜிகாபைட். இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். பூஜ்யங்களைச் சுருக்கினால் வட்டில் அவ்வளவு இடம் எடுக்காது. இடம் மிச்சம் என்பது பாதி உண்மைதான். படிக்கும்போது அந்த பூஜ்யமெல்லாம் விரிந்து நினைவகத்தை அடைக்கும், ஒவ்வொன்றையும் "நீ நிஜமா, நிரப்பியா?" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். பெரிய செலவு அங்கேதான். இருபத்தோராவது மியூவான் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கதை இருக்கிறது.

இதைப் படிக்க ரூட் நிறுவ வேண்டிய கட்டாயம்கூட இல்லை. பைத்தானில் அப்ரூட் என்ற நூலகம் ரூட் கோப்பை நேரடியாகப் படிக்கும். அதோடு ஆக்வர்ட் அரே என்று ஒன்று, பெயரே "ஏடாகூட அணி" என்று அர்த்தம்படும். உள்ளே நான் சொன்ன அதே எல்லைப் பட்டியல்தான். நீங்கள் நம்பை அணியைக் கையாள்வது போலவே இதையும் கையாளலாம். சரியாக இரண்டு மியூவான் உள்ள மோதல்களைத் தேர்ந்தெடுங்கள். எதிரெதிர் மின்னூட்டம் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரு உந்தங்களிலிருந்து ஜோடியின் நிறையைக் கணக்கிட்டு வரைபடம் போடுங்கள், இரண்டு அச்சிலும் மடக்கை அளவுகோல். 3.1 ஜிஇவி-யில் ஜே/சை, 9.5-க்குப் பக்கத்தில் உப்சிலான், 91-இல் இசட் என்று மலை மலையாக எழும். 1974-இல் ஜே/சை கண்டுபிடிப்புக்கும் 1983-இல் இசட் கண்டுபிடிப்புக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த இரண்டையும் நம் கம்ப்யூட்டர் லேபில் ஒரு மதிய வேளையில் பார்த்துவிடலாம்.

இணைய வேகத்தை நம்பாமல் கோப்பை நானே பென்டிரைவில் கொண்டுவந்து, துறைத் தலைவர் அனுமதியோடு லேபில் நான்கு கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்திருக்கிறேன். நாளை காலை பத்து மணிக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து செய்து பார்க்கிறேன். வருவதற்கு முன் ஒரு வேலை மட்டும் செய்துவிட்டு வாருங்கள். அந்தக் கோப்பில் ஒரே மோதலில் அதிகபட்சம் எத்தனை மியூவான் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். பதில் எனக்குத் தெரியும், நான் சொல்லமாட்டேன்.